மருந்து மிஷின் ஒழுகலாமா?

மகாராஷ்டிர மாநிலத்தில் யவத்மால் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பருத்தி விளையும் பூமி அது. 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே பெரிய துயரம் நடந்தது. பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்தவர்களுக்கு வாந்தி வந்தது. மயக்கம் வந்தது. பல நூறு பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 20 பேர் அல்ல, அதற்கும் மேல் இறந்து போனார்கள். அவர்களில் சிறு விவசாயிகள் உண்டு. கூலிக்கு மருந்து அடித்தவர்களும் உண்டு.

காரணங்கள் பல. அந்த ஆண்டு செடிகள் உயரமாக வளர்ந்திருந்தன. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். கையுறை இல்லை. முகமூடி இல்லை. விஷம் மூச்சு வழியாகப் போனது. தோல் வழியாகவும் போனது.

பூச்சி மருந்தைக் குடித்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பல மருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். நனைந்த சட்டை தோலோடு ஒட்டிக் கிடந்தால் விஷம் இன்னும் அதிகமாக உள்ளே போகும். அதனால்தான் முதுகில் சுமக்கும் மருந்து மிஷின் ஒழுகக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

மிஷினிலிருந்து விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ஒரு நிமிடத்தில் 60 சொட்டு. அதாவது 3 மில்லி. ஒரு மணி நேரத்தில் 180 மில்லி. ஏறக்குறைய ஒரு டம்ளர்!

ஒரு டம்ளர் மருந்துத் தண்ணீரை யாராவது முதுகில் ஊற்றிக்கொள்வார்களா? மாட்டார்கள். ஆனால் ஒழுகும் மிஷினைச் சுமப்பவருக்கு அதுதான் நடக்கிறது.

எங்கே ஒழுகும்?

மிஷினில் தொட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வருகிறது. குழாயின் மறுமுனையில் கையால் அழுத்தும் விசை இருக்கிறது. விசையோடு நீளமான குழல் சேர்கிறது. குழலின் நுனியில் நாசில் இருக்கிறது. இந்த நான்கு இணைப்புகளில்தான் பெரும்பாலும் ஒழுகும். தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் ஒழுகும். குனியும்போது மருந்து கழுத்தில் வழியும்.

ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்தால் இறுகிப் போகும். இணைப்பு இருக்கும் இடத்தில் அடிக்கடி மடங்கும். அங்கேதான் முதலில் வெடிப்பு விடும். வாஷரும் நாளாக நாளாகத் தேய்ந்து தட்டையாகிவிடும்.

வேலைக்கு முன்

தொட்டியைக் காலி செய்ய வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று முறை அலச வேண்டும். விசையை அழுத்திக் குழாயையும் அலச வேண்டும். அலசிய தண்ணீரை மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிடலாம். கிணற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

அடுத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். கைப்பிடியை அடிப்பதை நிறுத்திய பிறகும் மிஷினுக்குள் அழுத்தம் இருக்கும். அப்போது இணைப்பைக் கழற்றினால் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எனவே நாசிலைத் தரையைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் வரை விசையை அழுத்த வேண்டும். பேட்டரி மிஷின் என்றால் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வது நல்லது.

குழாயைச் சரி செய்வது எப்படி?

1. கிளிப்பைத் திருப்புளியால் தளர்த்தி, குழாயை இழுத்து எடுக்க வேண்டும்.

2. வெடித்த நுனியைக் கூரான கத்தியால் வெட்ட வேண்டும். வெடிப்பு முழுவதும் போக வேண்டும். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் மறுபடியும் ஒழுகும்.

3. குழாயின் நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இளகும். நெருப்பில் காட்டக் கூடாது. ரப்பர் கெட்டுவிடும்.

4. கிளிப்பை முதலில் குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு குழாயை இணைப்பு முனையில் கடைசி வரை தள்ள வேண்டும். பாதியில் விட்டால் கழன்றுவிடும்.

5. உள்ளே முனை இருக்கும் இடத்தின் மேல் கிளிப் உட்கார வேண்டும். அதன் பிறகு முறுக்க வேண்டும். குழாய் நசுங்கும்படி முறுக்கக் கூடாது.

சிலர் கம்பியால் கட்டுகிறார்கள். கம்பி ரப்பரை அறுத்துவிடும். சிலர் துணி சுற்றுகிறார்கள். துணி ஒழுகலை நிறுத்தாது. மருந்தைக் குடித்து வைத்துக்கொண்டு கையில் பூசும்.

குழாயின் நடுவில் வெடித்திருந்தாலோ, ஓரிடத்தில் உப்பியிருந்தாலோ புதுக் குழாய்தான் மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது அலசிய பழைய குழாயில் ஒரு துண்டை எடுத்துப் போனால் அளவு தவறாது. மருந்து மிஷினுக்கு என்று உள்ள குழாயைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வாஷர் மாற்றுவது

திருகி மாட்டும் இணைப்பில் ஒழுகினால் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வாஷர் வெடித்திருக்கலாம், இறுகியிருக்கலாம். அதே அளவில் புது வாஷர் போட வேண்டும். அதன் விலை சில ரூபாய்தான். பிளாஸ்டிக் மரையைக் கையால் முறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் உடைந்துவிடும்.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. விஷம் வாய்க்குள் போகும். ஊசியால் குத்தவும் கூடாது. துளை பெரிதாகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷால் தண்ணீரில் கழுவலாம். அந்த பிரஷை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

சோதித்துப் பார்க்க வேண்டும்

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மிஷினைத் தரையில் வைத்துப் பத்து நிமிடம் அடித்துப் பார்க்க வேண்டும. இணைப்புகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். ஈரம் தெரியாவிட்டால்தான் மருந்து ஊற்றலாம். வேலை முடிந்ததும் மிஷினை அலசி, குழாயை மடக்காமல் நிழலில் தொங்கவிட வேண்டும்.

மிஷின் யாருடையது?

கூலிக்கு மருந்து அடிப்பவரிடம் சொந்த மிஷின் இருப்பதில்லை. நிலக்காரர் தருவதை முதுகில் மாட்டிக்கொள்கிறார். ஒழுகினாலும் பேசாமல் இருந்துவிடுகிறார். மிஷின் நிலக்காரருடையது. ஆனால் முதுகு தொழிலாளியுடையது. "முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம்" என்று கேட்பதில் தவறே இல்லை. பல பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

உடம்பில் பட்டுவிட்டால்

உடனே வேலையை நிறுத்த வேண்டும். நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். தலைவலி, வாந்தி, எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து டப்பாவின் சீட்டையும் எடுத்துப் போக வேண்டும். என்ன விஷம் என்று டாக்டருக்கு அது சொல்லும்.

அந்தச் சீட்டில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது நீலம். பச்சைக்கு விஷம் குறைவு. ஆனால் பச்சையும் விஷம்தான்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் உள்ள மருந்து மிஷின்களில் எத்தனை ஒழுகுகின்றன?

2. ஒரு மிஷின் விநாடிக்கு இரண்டு சொட்டு ஒழுகினால், இரண்டு மணி நேரத்தில் எத்தனை மில்லி ஒழுகும்?

3. வீட்டில் உள்ள ஒரு மருந்து டப்பாவைப் பாருங்கள். முக்கோணம் என்ன நிறம்? சீட்டைச் சேர்ந்து படியுங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.