ரெண்டாயிரத்து இருநூறு வெள்ளி போதுமா?

காலை நிகழ்ச்சியில் வேலை, சம்பளம் என்று பேச்சு எடுக்கும் நாள்களில் எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரே மாதிரியான குரல்பதிவு ஒன்று தவறாமல் வரும். பேசுவது பெரும்பாலும் அம்மாக்கள். "தம்பி, என் மகன் கம்ப்யூட்டர்ல படம் வரையற படிப்பு முடிச்சிட்டான். கேஎல்ல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டாயிரத்து இருநூறு வெள்ளி தராங்களாம். போகச் சொல்லலாமா, வேணாமா?"

இரண்டு பாடல்களுக்கு நடுவே கிடைக்கும் நாற்பது விநாடியில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் அது பொறுப்பில்லாத பதிலாகத்தான் இருக்கும். ஆகவே கொஞ்சம் விசாரித்து, கணக்குப் போட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பிள்ளைகள் அப்படி என்னதான் வேலை செய்கிறார்கள்? உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தை சோறு சாப்பிட வேண்டுமென்றால் திரையில் 'உப்பின் இப்பின்' ஓட வேண்டும் அல்லவா? அந்தக் கம்போங் டுரியான் ருந்துவில் ஒவ்வொரு மரத்தையும், அங்கிள் முத்துவின் கடையில் உள்ள ஒவ்வொரு நாற்காலியையும் யாரோ ஒருவர் கணினியில் செய்து, வண்ணம் பூசி, வெளிச்சம் போட்டிருக்கிறார். 2007இல் அந்தத் தொடர் தொடங்கியபோது இது ஒரு வேலை என்றே பலர் நம்பவில்லை. பிறகு 2011இல் 'போபோய்போய்', 2016இல் 'ஏஜென் அலி' என்று வரிசையாக வந்தன. இன்று சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவும், 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டைத் தயாரித்த பெல்ஜிய நிறுவனமான லாரியானும் கோலாலம்பூரில் ஸ்டூடியோ வைத்திருக்கின்றன. விளம்பர நிறுவனங்களும் இணைய வணிகர்களும் தனி. வேலை இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம்.

சம்பளம்தான் பிரச்சினை. நான் பேசிய இளைஞர்கள் சொன்னதும், வேலை விளம்பரங்களில் நானே பார்த்ததும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் அனுபவம் இல்லாத ஒரு புதிய டிஜிட்டல் ஓவியருக்கு 1,800 ரிங்கிட்டிலிருந்து 2,800 ரிங்கிட்வரை தருகிறார்கள். பெரும்பாலோருக்கு நடுவில் எங்கேயோ விழுகிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே கடந்த 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். மூன்று ஆண்டு பட்டப்படிப்பு, ஒரு நல்ல கணினி, பல நூறு இரவுகள் விழித்துச் சேர்த்த படைப்புத் தொகுப்பு, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிமட்டச் சம்பளத்தைவிட ஐந்நூறு வெள்ளிதான் கூடுதல்.

இனி கணக்குக்கு வருவோம். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு தங்கையிடம் அவளுடைய மாதச் செலவைக் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்றாள். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். ஓவியர்கள் கணக்கில் மோசம் என்று யார் சொன்னது?

சம்பளம் 2,200. அதில் இபிஎஃப் 11 விழுக்காடு, 242 ரிங்கிட் போய்விடுகிறது. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னொரு பதினைந்து. கைக்கு வருவது சுமார் 1,943. வாடகை அறைக்கு 600. தண்ணீர், மின்சாரம், இணையம் என்று அவள் பங்கு 60. ரேப்பிட் கேஎல் மை50 அட்டைக்கு 50. ரயில் போகாத இடத்துக்கும், இரவு நேரம் கழித்துத் திரும்பும்போதும் கிரேப் எடுக்க 100. கைத்தொலைபேசிக்கு 45. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாதம் 750. பிடிபிடிஎன் கடனுக்கு 150. அம்மாவுக்கு 200.

கூட்டிப் பாருங்கள். 1,955 வருகிறது. பன்னிரண்டு வெள்ளி துண்டு விழுகிறது. இதில் சோப்பு இல்லை, துணிமணி இல்லை, கிளினிக் இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட் இல்லை.

"அப்புறம் எப்படிம்மா சமாளிக்கிற?" என்றேன்.

"மத்தியானம் பொருளாதார சோறு அண்ணே. ஒரு காய், ஒரு முட்டை, குழம்பு ஊத்தச் சொல்லிடுவேன். ராத்திரி மேகி. அம்மாவுக்கு அனுப்புறத மட்டும் குறைக்கல."

அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது எனக்கு அந்தக் குரல்பதிவு அம்மாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பிள்ளை மாதம் 200 வெள்ளி அனுப்புகிறது, ஆகவே அங்கே நன்றாகத்தான் இருக்கிறது என்று வீட்டில் நினைக்கிறோம். அந்த 200 வெள்ளி எந்த வேளைச் சோற்றிலிருந்து வந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும்தானே என்று யாரும் சொல்ல வேண்டாம். ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 'பெலாஞ்சாவான்கு' என்ற செலவு வழிகாட்டியை வெளியிடுகின்றன. அதன் 2022/2023 பதிப்பின்படி, கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழும், பொதுப் போக்குவரத்தில் போய்வரும் ஒருவருக்கு மாதம் 1,930 ரிங்கிட் தேவை. கார் வைத்திருந்தால் 2,600. நம் தங்கையின் கையில் வரும் 1,943ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் விலைவாசி ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. பேங்க் நெகாராவோ அதற்கும் முன்பே, 2016ஆம் ஆண்டு விலைவாசியை வைத்து, கோலாலம்பூரில் ஒரு தனிநபர் ஓரளவு கௌரவமாக வாழ 2,700 ரிங்கிட் வேண்டும் என்று கணித்திருந்தது.

கார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "முதல் சம்பளம் வந்ததும் ஒரு மைவி போட்டுடு" என்பது நம் வீடுகளில் ஆசீர்வாதம் மாதிரி. இந்தச் சம்பளத்தில் அது ஆசீர்வாதம் இல்லை, ஒன்பது வருடக் கட்டு. ஒரு காலத்தில் சைபர்ஜெயாவில் வேலை என்றால் கார் இல்லாமல் முடியாது. 2023 மார்ச்சில் எம்ஆர்டி புத்ராஜெயா தடம் முழுமையாகத் திறந்த பிறகு அங்கேயும் ரயில் போகிறது. ஆகவே அறை தேடும்போது வாடகையை மட்டும் பார்க்காமல் ரயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றும் பாருங்கள். நூறு வெள்ளி கூடுதல் வாடகை கொடுத்து நிலையத்தின் பக்கத்தில் இருப்பது பல நேரங்களில் லாபம். பெண் பிள்ளைகளுக்கு நிம்மதியும்கூட.

வெளிநாட்டுப் படங்களுக்கே வேலை செய்கிறார்கள், பிறகு ஏன் இவ்வளவு குறைவு?

ஊடகப் படிப்பு படித்தவன் என்ற முறையில் இது எனக்கு நீண்ட நாள் உறுத்தல். இங்கே உள்ள ஸ்டூடியோக்கள் பலவும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகை வேலை செய்கின்றன. ஒரு விளையாட்டுக்கு இத்தனை கட்டடம், இத்தனை ஆயுதம், இத்தனை பாத்திரம், மொத்தம் இவ்வளவு என்று விலை முன்கூட்டியே பேசி முடிவாகிவிடும். அதன்பிறகு வாடிக்கையாளர் பத்து முறை திருத்தம் கேட்டாலும் அந்த விலை பெரிதாக ஏறாது. ஏறுவது வேலை நேரம்தான். அந்த நேரத்தைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

'லைஃப் ஆஃப் பை' படம் நினைவிருக்கிறதா? பாண்டிச்சேரிப் பையனும் புலியும் ஒரே படகில். அந்தப் புலியைக் கணினியில் உயிர்ப்பித்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2009 முதல் நம் சைபர்ஜெயாவிலும் ஒரு கிளை நடத்தியது. 2013 பிப்ரவரியில் அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதற்குப் பதினொரு நாள் முன்புதான் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. உலகத்திலேயே சிறந்த வேலை என்று விருது வாங்கிய இடத்துக்கே அந்த நிலைமை என்றால், லாப விளிம்பு எவ்வளவு மெல்லியது என்று புரிந்துகொள்ளலாம். முதலாளிகள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மெல்லிய விளிம்பு இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் தட்டிலிருந்துதான் அறுக்கப்பட வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். மாதம் 4,000 ரிங்கிட்வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் நேரத்துக்குத் தனியாகப் பணம் உண்டு. சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. 2,200ஐ 26ஆல் வகுத்து, பிறகு எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்குப் பத்து வெள்ளி ஐம்பத்தெட்டு காசு. ஒன்றரை மடங்கு என்றால் கிட்டத்தட்ட 15.87. ஒரு தயாரிப்பு முடியும் நேரத்தில் பத்து இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால் 317 ரிங்கிட். அதாவது அவளுடைய அரை மாத வாடகைக்கு மேல்.

அந்தத் தங்கைக்கு இது கிடைத்ததா? இல்லை. "பீட்சா வாங்கிக் கொடுப்பாங்க அண்ணே" என்றாள். கேட்கப் பயம். ஆறு மாத ஒப்பந்தம், கேட்டால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறாள். அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இதற்கு முறையிடலாம் என்பதையாவது அவள் தெரிந்து வைத்திருக்கட்டும்.

இனி நம் பக்கம் கொஞ்சம் வருவோம். இந்தப் பிள்ளைகள் செலவைச் சமாளிக்க வார இறுதியில் வெளி வேலை செய்கிறார்கள். கல்யாண அழைப்பிதழ், பிறந்தநாள் பேனர், உள்ளூர்ப் பாடகரின் பாடலுக்கு முகப்புப் படம், கோயில் திருவிழா போஸ்டர். கேட்பது யார்? மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அங்கிள், கோயில் கமிட்டி. "ஒரு போஸ்டர்தானேப்பா, உனக்கு அஞ்சு நிமிஷம்." அந்த ஐந்து நிமிடம் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆகும். மேளக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம், பந்தல்காரரிடம் பேரம் பேசினாலும் கடைசியில் கொடுத்துவிடுகிறோம். போஸ்டர் செய்த பிள்ளைக்கு மட்டும் "சாமி காரியம்" என்று ஒரு பிரசாதப் பொட்டலம். சாமி பெயரைச் சொல்லி இதைச் செய்வது எனக்கு அறவே பிடிக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு "அதுவே வரையுதே" என்று இன்னும் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறார்கள். அது வரையட்டும். ஐயருக்கு ஆறு விரல் வந்தால் திருத்தித் தர மறுபடியும் இதே பிள்ளையைத்தானே கூப்பிடுகிறோம்.

எல்லாமே இருட்டு இல்லை. நான் பேசிய இன்னொரு தம்பி 2,000 ரிங்கிட்டில் தொடங்கினார். இரண்டரை ஆண்டில் இரண்டு இடம் மாறி இப்போது 3,600 வாங்குகிறார். இந்தத் துறையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து சம்பள உயர்வுக்குக் காத்திருப்பவர்களைவிட, நல்ல படைப்புத் தொகுப்போடு மாறுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் ஏறுகிறது என்கிறார் அவர். மென்பொருளுக்கு அவர் காசு கொடுத்ததே இல்லை. திருட்டுப் பிரதி என்று நினைக்காதீர்கள். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில்தான் எல்லாம். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதே மென்பொருளில் செய்யப்பட்டதுதான். சிங்கப்பூர் போகலாமே என்று கேட்டேன். "அங்க எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 5,600 டாலர் சம்பளம் இருக்கணும் அண்ணே. என்னைமாதிரி ஆளுக்கு யாரு கொடுப்பா?" என்று சிரித்தார்.

ஆக, போகச் சொல்லலாமா என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில் இது. போகட்டும், ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயம் கேட்டுவிட்டுப் போகட்டும். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? இபிஎஃப் கட்டுகிறார்களா? சிலர் 'ஃப்ரீலான்ஸ்' என்று பெயர் வைத்து முழுநேரம் வேலை வாங்கிவிட்டுச் சேமநிதி கட்டுவதில்லை. 2,200 சம்பளத்துக்கு முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடு 286 ரிங்கிட், அது சின்னத் தொகை இல்லை. கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா? தகுதிகாண் காலம் முடிந்ததும் சம்பளம் எவ்வளவு? உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்கிற பிள்ளையாக இருந்தால் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். போடும் பணத்துக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது.

அப்புறம் அம்மா, வீட்டில் முடியுமென்றால் முதல் ஓர் ஆண்டுக்கு அந்த 200 வெள்ளியை வாங்கிக்கொள்ளாதீர்கள். அறைக்கு முன்பணம் மட்டுமே இரண்டு மாத வாடகை கேட்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டிய வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு, தெரியும். அப்படியென்றால் மாதத்தில் ஒருமுறை ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களிடம் அரிசி, மிளகாய்த்தூள், கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். சுங்கை சிப்புட் தங்கையின் அறையில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருக்கிறது. வீட்டுக்காரர் சமைக்க அனுமதிக்கிறார். அந்தச் செலவுப் பட்டியலில் அவளால் குறைக்க முடிகிற ஒரே வரி சாப்பாடுதான்.