குட்டிகளுக்கு ஒரு காலண்டர்!

குட்டீஸ்... முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சா? ஜாலிதான்! ஆனால், 'தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கோ' என்று அம்மா சொன்னால் என்ன செய்வீர்கள்? டி.வி.யைப் போட்டுவிடுவீர்கள். இல்லாவிட்டால் செல்போனைக் கையில் கொடுத்துவிடுவீர்கள். பத்து நிமிடம் வீடு அமைதியாக இருக்கும். அப்புறம்? உங்கள் புது நோட்டு நாலாகக் கிழிந்திருக்கும்!

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் தங்கள் குழந்தைகளை அவர் வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் வந்து அழைத்துப் போவார்கள். மொத்தம் ஐந்து வாண்டுகள். யாருக்கும் ஐந்து வயது ஆகவில்லை. கோடை லீவில் அத்தைக்கு ஒத்தாசை, ஏழாம் வகுப்பு முடித்த அவருடைய மகள்தான். நாம் 'அக்கா' என்றே கூப்பிடுவோம்.

அக்கா ரொம்ப உற்சாகமாக ஒரு சார்ட் பேப்பரில் மே மாதம் முழுவதற்கும் கட்டம் போட்டார். ஞாயிறு தவிர, நாளுக்கு ஒரு புது விளையாட்டு! திங்கட்கிழமை வெண்டைக்காய் அச்சு, செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றுவது, புதன்கிழமை காகிதக் கப்பல்... கலர் பென்சிலில் எழுதி, சுவரில் ஒட்டியும் விட்டார்.

அந்த வாரம் மூன்று வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா... அம்மா...' என்று ஒரே அழுகை. செவ்வாய்க்கிழமை, ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்ததும், மெல்லப் பக்கத்தில் வந்தான். ஊற்றினான். சிந்தினான். மறுபடியும் ஊற்றினான். அழுகையைக் காணோம்!

மறுநாள் வந்ததும், ''டம்ளர்...'' என்று கேட்டான். ''அது நேத்தே முடிஞ்சு போச்சுடா. இன்னிக்குக் கப்பல்!'' என்றார் அக்கா. பையன் பேசாமல் திரும்பிப் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அதைப் பார்த்த அத்தை, ''இந்தக் கட்டமெல்லாம் யாருக்காகப் போட்டே? உனக்கா, அவனுக்கா?'' என்று கேட்டார். அக்காவுக்குச் சுருக்கென்று இருந்தது.

40 தடவைக்கு மேல்!

பார்த்த படத்தையே மறுநாளும் பார்க்கச் சொன்னால் நமக்குப் போரடிக்கும். வாண்டுகளுக்கு அப்படியில்லை. ஒரே கதையைத் தினமும் கேட்பார்கள். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அவர்களுடைய கையும் கண்ணும் பழகுகின்றன.

இதைக் கூர்ந்து கவனித்தவர் மரியா மாண்டிசோரி என்ற இத்தாலி டாக்டர். 1907 ஜனவரி 6-ம் தேதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடம் ஒன்றிலேயே 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.

ஒருநாள், சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குப் பொருத்தமான குழிகளில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேலேயே வைத்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை! 40 தடவைக்கு மேல் செய்த பிறகு, தானாகவே நிறுத்திவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தாள்.

இந்த மாண்டிசோரி, 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார், தெரியுமா?

புதுக் காலண்டர்

அக்கா பழைய சார்ட்டைக் கழற்றினார். மாதம் முழுக்க ஒரே தலைப்பு: தண்ணீர். வாரத்துக்கு ஒரே ஒரு புது விளையாட்டு. பழைய விளையாட்டும் கூடவே இருக்கும்.

முதல் வாரம்: ஊற்றலாம். சின்ன டம்ளர் இரண்டு, அகலமான தட்டு ஒன்று, துடைக்க ஒரு துணி. சிந்தியதைத் துடைப்பதும் விளையாட்டுதான்!

இரண்டாம் வாரம்: மிதக்குமா, மூழ்குமா? இலை, ஸ்பூன், கொட்டாங்கச்சி... ஒவ்வொன்றையும் போடும் முன் வாண்டுகளே சொல்லட்டும். ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் மூழ்கும். தோலுக்குள் இருக்கும் காற்றுதான் காரணம்.

மூன்றாம் வாரம்: தண்ணீர் எங்கே போச்சு? பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு, சிமென்ட் தரையில் படம் வரையலாம். கொஞ்ச நேரத்தில் படம் மாயம்! ஈரக் கைக்குட்டை ஒன்றை வெயிலிலும், இன்னொன்றை நிழலிலும் போட்டு, எது முதலில் காய்கிறது என்று பார்க்கலாம்.

நாலாம் வாரம்: தண்ணீர் யாருக்கு வேணும்? செடிக்கு ஊற்றலாம். காக்கைக்குக் கிண்ணத்தில் வைக்கலாம். மண்பானையைத் தொட்டுப் பார்க்கலாம். பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துப் போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது.

சனிக்கிழமைக் கட்டங்களை மட்டும் அக்கா காலியாக விட்டார். அன்றைக்கு வாண்டுகள் கேட்பதுதான் விளையாட்டு!

இன்னொன்றும் செய்தார். தினமும் ஒரே வரிசை: பாட்டு, தண்ணீர் விளையாட்டு, மோர், கதை, சாப்பாடு, தூக்கம். மணி பார்க்கத் தெரியாத வாண்டுகளுக்கு இந்த வரிசைதான் கடிகாரம். 'தூங்கி எழுந்தால் அம்மா வருவாங்க' என்று புரிந்துவிட்டால், பாதி அழுகை நின்றுவிடும்.

உஷார்!

ஒரு சாண் ஆழம்கூட இல்லாத தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடலாம், சத்தமே வராது. அதனால் வாளி, அண்டா கூடாது. விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கோலி, பட்டன், புளியங்கொட்டை போன்றவை தொண்டையில் சிக்கும், கிட்டவே வேண்டாம். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் உதவியாளர் மட்டும்தான்!

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்? மே கடைசி வாரத்தில் ஒரு நாள், அம்மாவின் கையைத் தானே விட்டுவிட்டு உள்ளே ஓடினான். இரண்டு டம்ளர்களை எடுத்து வந்து, ஒன்றை அக்கா முன்னால் வைத்தான்.

குட்டீஸ்... நீங்களும் காலண்டர் போடப் போகிறீர்களா? அதற்கு முன், உங்கள் தம்பியையோ தங்கையையோ பத்து நிமிடம் சும்மா கவனியுங்கள். எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்களோ, அதை முதல் கட்டத்தில் எழுதுங்கள்!