இன்டர்நெட் அடிக்கடி கட் ஆகிறதா? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்

பிராட்பேண்ட் இணைப்பு முழுவதுமாகப் போய்விட்டால் பிரச்சினை சிறியதுதான். புகார் கொடுத்தால் ஆள் வருவார், அறுந்த இடத்தை ஒட்டுவார், வேலை முடிந்தது. உண்மையான தொல்லை, இரண்டு நிமிடம் போய்விட்டுத் தானாகவே திரும்பி வரும் இணைப்புதான். டெக்னீஷியன் வந்து நிற்கும்போது நெட் அருமையாக ஓடும். "இப்ப வேலை செய்யுதே சார்" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி போய்விடும்.

திருத்தணி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இது வெறும் எரிச்சல் அல்ல. சென்னைக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர், வீடியோ மீட்டிங்கில் நாலு முறை காணாமல் போனால் "நீங்கள் ஆபீசுக்கே வந்துவிடுங்கள்" என்பார்கள். அப்புறம் தினமும் விடிகாலை ரயில்தான்.

இந்த வகைக் கோளாறைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான். எப்போது கட் ஆகிறது, எந்த இடத்தில் கட் ஆகிறது என்று எழுதி வைப்பது. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்கள் தினமும் காலை 7 மணிக்கு பிராட்பேண்ட் படுத்துவிட்டது. கேபிளை மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் ஓபன்ரீச் நிறுவனத்தின் பொறியாளர்கள், மின் இரைச்சலை அளக்கும் கருவியுடன் விடிகாலையிலேயே தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து இரைச்சல் கிளம்பியது. அந்த வீட்டுக்காரர் தினமும் அந்த நேரத்தில் போடும் பழைய டிவிதான் காரணம்! இது 2020 செப்டம்பரில் வெளியே வந்தது. அங்கே இருந்தது செம்புக் கம்பி. நம் வீடுகளுக்கு இப்போது பெரும்பாலும் ஃபைபர் வருகிறது. அதில் ஓடுவது ஒளி என்பதால் டிவி இரைச்சல் ஃபைபருக்குள் நுழையாது. ஆனால் "7 மணி" என்ற அந்தத் தகவல்தான் கோளாறைக் காட்டிக் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு கறுப்பு விண்டோக்கள்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறக்கவும். அதில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரி வரும். அதற்கு நேரே இருப்பது உங்கள் ரூட்டரின் முகவரி. பல வீடுகளில் இது 192.168.1.1 ஆக இருக்கும். இப்போது பிங் கட்டளையை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த முகவரி, மறுபடி இடைவெளி விட்டு ஹைபனும் 'டி' எழுத்தும் கொடுத்து என்டர் தட்டுங்கள். நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, இதையே 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். இரண்டு விண்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் கட் ஆனதும் இரண்டையும் பாருங்கள். இரண்டுமே நின்றிருந்தால் கோளாறு வீட்டுக்குள்தான், அதாவது வைஃபை அல்லது ரூட்டரில். ரூட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்கிறது என்றால் வெளியே உள்ள லைன் அல்லது கம்பெனியின் பக்கம். இரண்டும் ஓடுகிறது, ஆனால் வெப்சைட் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் சந்தேகத்துக்குரியது; நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த விண்டோ நின்றது, ஃபைபர் பெட்டியில் எந்த விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். மூன்று நாள் போதும்.

வீட்டுக்குள் என்றால்

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டருடன் நேரடியாக இணைத்துப் பாருங்கள். கேபிளில் கட் ஆகவில்லை என்றால் குற்றவாளி வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. நெருக்கமான தெருக்களில் பத்து வீட்டு ரூட்டர்கள் இந்த மூன்றில் அடித்துக்கொள்கின்றன. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் நிலைமை மோசமாகும். பக்கத்து அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுவது நல்லது. கெட்டிச் சுவர் இரண்டு தாண்ட வேண்டும் என்றால் அது உதவாது.

நிறைய பேர் செய்யும் வேலை ஒன்று: பழைய ரூட்டரை வீணாக்காமல் மாடியில் மாட்டுவது. இரண்டிலும் டிஹெச்சிபி ஓடினால், இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். ஒரே எண் இரண்டு கருவிக்குப் போய் இரண்டும் தடுமாறும். பழைய ரூட்டரில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 போல வேறாக மாற்றுங்கள்.

வெளியே என்றால்

ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். 'பான்' விளக்கு மின்னினால் பெட்டி எக்ஸ்சேஞ்சுடன் பேசத் திரும்பத் திரும்ப முயல்கிறது. பான் சீராக எரிந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை என்றால் லாகின் அல்லது கம்பெனியின் சர்வர் கோளாறு. கம்பத்தில் ஏறிப் பயனில்லை.

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆப்டிகல் பவர்' என்று ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலான வீட்டு ஃபைபர் இணைப்புகளில் –8 முதல் –27 டிபிஎம் வரை பெட்டி தாங்கும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். –20க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. –26 என்றால் கத்திமுனையில் நிற்கிறீர்கள்.

திருத்தணியில் என் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. மூன்று முறை புகார், மூன்று முறையும் 'சரி செய்யப்பட்டது' என்று எஸ்எம்எஸ். நோட்டில் பார்த்தால், காற்று அடிக்கும் நேரங்களில் மட்டும் 8.8.8.8 நின்றிருந்தது, பான் மின்னியிருந்தது, பவர் –26.8. சித்தி அந்த நோட்டை லைன்மேனிடம் நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு நேரே கம்பத்தில் ஏறினார். மிச்ச ஃபைபரை இறுக்கமாகச் சுருட்டிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஃபைபர் ரொம்ப வளைந்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். பெரிய வளையமாக மாற்றிக் கட்டியதும் –21 ஆனது.

இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தெருவைக் கடந்து தாழ்வாகத் தொங்கும் ஃபைபரை, திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லோடு இழுத்துவிடக் கூடும். மலையடிவாரத்தில் குரங்குகள் உண்டு. 2015-ல் வாரணாசியில் கங்கைக் கரை வைஃபைக்காகப் போட்ட ஃபைபரைக் குரங்குகள் கடித்துவிட்டன என்பது பெரிய செய்தியானது. நகரியை ஒட்டிய கிராமங்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு வேறு தலைவலி. தமிழ்நாடும் ஆந்திராவும் தனித்தனி வட்டங்கள். போன் அந்தப் பக்கத்து டவருக்குத் தாவும்போது நெட் நின்று வரும். செட்டிங்ஸில் நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக் இல்லாமல் நீங்களே தேர்வு செய்து வைக்கலாம்.

கரன்ட் ஒரு கண்சிமிட்டலுக்குப் போய் வந்தாலும் பெட்டி ரீஸ்டார்ட் ஆகி, நெட் வர இரண்டு மூன்று நிமிடமாகும். மின்விசிறி சுற்றுவது நிற்காததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று மாட்டினால் தீர்ந்தது. வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்க்கவும்.

இன்னும் லேண்ட்லைன் வழியாக டிஎஸ்எல் வைத்திருப்பவர்கள், போன் மணி அடிக்கும்போது நெட் போனால் ஸ்ப்ளிட்டரை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் போனுக்கும் ஃபில்டர் வேண்டும்.

புகார் கொடுக்கும்போது

'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள். "மூன்று நாளில் 11 முறை, ரூட்டர் பதில் தருகிறது, பான் மின்னுகிறது, பவர் –26.8" என்று சொல்லுங்கள். டாக்கெட் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-ல் கொண்டு வந்த விதிகளின்படி, புகாருக்குக் கிடைத்த தீர்வு திருப்தி இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. அதற்கு டாக்கெட் எண் வேண்டும். நோட்டின் பக்கங்களை போனில் படம் எடுத்து அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.