அண்ணன் சொன்ன பாதி விடை

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியால் சுட்டவன் நான். அதனால் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் தம்பி, “அண்ணா, தோட்டாவில் குண்டை ஆழமாகப் பொருத்தினால் என்ன ஆகும்?” என்றதும் கெத்தாகச் சொன்னேன்: “உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும்.”

பாதிதான் சரி. அழுத்தம் ஏற ஏற வெடிமருந்தும் வேகமாக எரியும். ஆகவே முதல் கணத்தில் குண்டு எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதும் முக்கியம். குண்டு வெளியே நீண்டு, குழலின் சுருள்வரிகளைத் தொட்டுக்கொண்டிருந்தால், நின்ற இடத்திலிருந்தே திணிந்து நுழைய வேண்டும். உச்ச அழுத்தம் எகிறும். சற்று இடைவெளி விட்டால் ஓடிவந்து நுழையும். அழுத்தம் தணியும், வேகமும் சிறிது குறையும்.

அமெரிக்கர் ராய் வெதர்பி தம் ரைஃபிள்களில் இந்த இடைவெளியை வேண்டுமென்றே நீட்டி, மருந்தைக் கூட்டி வேகத்தை உயர்த்தினார்.

“அப்போ பாயில் விதி?” என்றான் தம்பி. வெப்பநிலையும் வாயுவின் அளவும் மாறாதபோதுதான் அது. இங்கே இரண்டுமே மாறுகின்றன.