லங்கர் பாதி, போராட்டம் பாதி: சீக்கியர்களுக்கு எது ஆன்மிகம்?

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகளுக்கு அந்த நாளை யாரும் ஞாபகப்படுத்தவே வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர், கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அந்த வாரம் சென்னைக்குச் சமைத்துப் போட்டவர்களில் தலைப்பாகை கட்டியவர்களும் இருந்தார்கள். தி.நகர் ஜி.என்.செட்டி சாலை குருத்வாராவின் சமையலறை வெள்ள நிவாரணத்துக்கு மாறியது. கல்சா எய்ட் தொண்டர்களும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கே பிரச்சினை என்றாலும் இவங்க அண்டாவோட வந்து நிற்கிறாங்களே, சாமி கும்பிட நேரம் எப்போ? பலருக்கும் வரும் கேள்விதான். சீக்கிய மரபில் இரண்டுக்கும் தனித்தனி டைம்டேபிள் கிடையாது.

இறைநாமத்தை நினை, உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து சாப்பிடு: குரு நானக் காட்டிய வழி இந்த மூன்றும்தான். உலகத்தை விட்டுவிட்டு மலைக்குப் போன சித்தர்களை அவர் நேரிலேயே கேள்வி கேட்டதாக மரபு சொல்கிறது. லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். யாரோடு யார் சாப்பிடலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், அந்த வரிசையே ஒரு போராட்டம்தான். தமிழ் வாசகருக்கு இது புதுசும் இல்லை. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

இரண்டு வாள்கள் எதற்கு?

ஐந்தாவது குரு அர்ஜன், ஜஹாங்கீர் ஆட்சியில் 1606-ல் லாகூரில் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு வந்த மகன் ஹர்கோவிந்த் இரண்டு வாள்களைத் தரித்தார். பீரி என்பது ஆன்மிக அதிகாரம், மீரி என்பது உலக அதிகாரம். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு எதிரிலேயே அகால் தக்த் இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்தச் சிந்தனைதான். அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு ஜபம் செய்வது பாதி வேலைதான் என்று இதற்கு அர்த்தம்.

மறுபக்க ஆபத்தும் மரபுக்குத் தெரியும். ‘நான்தான் செய்தேன்’ என்ற நினைப்புக்கு ‘ஹௌமை’ என்று பெயர். சீக்கியம் பெரிய நோயாகச் சொல்வது இதைத்தான். சேவை செய்துவிட்டு ஸ்டேட்டஸ் போடும் தலைமுறை கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். மருந்தாக வைத்திருப்பது எளிமையான வேலைகள்: பாத்திரம் கழுவுவது, வந்தவர்களின் செருப்பை வாங்கி அடுக்குவது. பெரிய பதவியில் இருப்பவரும் அதைச் செய்வார். அனந்த்பூர் போரில் காயம்பட்ட எதிரி வீரர்களுக்கும் தண்ணீர் கொடுத்த பாய் கன்னையாவைப் பற்றிப் புகார் போனபோது, குரு கோவிந்த் சிங் கையில் மருந்தையும் கொடுத்து அனுப்பினார் என்பார்கள்.

சோறு போடும்வரை எல்லோரும் பாராட்டுவார்கள். உரிமை கேட்டால்தான் சிக்கல். 2020-21 விவசாயிகள் போராட்டத்தில் டெல்லி எல்லையில் லங்கரும் பிரார்த்தனையும் முழக்கமும் ஒரே கூடாரத்தில் நடந்தன. வேளாண் சட்டங்களை வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்த 2021 நவம்பர் 19, குரு நானக் ஜெயந்தி நாள்.

அந்தப் போராட்டம் தமிழ்நாட்டையும் தொட்டது. தூத்துக்குடியைச் சேர்ந்த தலித் வழக்கறிஞர் ஜீவன் சிங் அதன் பிறகுதான் சீக்கியத்தை ஏற்றார். அவரது பகுஜன் திராவிடக் கட்சி, 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழர்களை வேட்பாளர்களாக நிறுத்தியது. யாரும் ஜெயிக்கவில்லை. இது மதமா, அரசியலா என்று கேட்டவர்கள் உண்டு. சாதியிலிருந்து வெளியேற வழி தேடுபவருக்கு அந்தக் கேள்வியே அபத்தமாகப் படலாம். ஆனால் பஞ்சாப் கிராமங்களிலேயே சாதிக்கொரு குருத்வாரா இருப்பதையும் மறைக்க முடியாது. ஒரே வரிசை என்ற வாக்குறுதி அங்கேயே பாக்கி இருக்கிறது.

தென்சென்னையில் இந்த மரபு பெரும்பாலும் சத்தமில்லாத வேலையாகவே இருக்கிறது. வேளச்சேரியில் 1971 முதல் நடக்கும் குரு நானக் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிள்ளைகள். லங்கரை நேரில் பார்க்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் போதும், குருத்வாரா பக்கம்தான். எந்த மதத்தவரும் போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துணியால் மூடிக்கொண்டு, வரிசையில் உட்கார வேண்டும். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு கை கொடுத்தால், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.