லயத்துக்கு வெளியே ஏழு பேர்ச்

தேயிலைத் தடம் – 14

"சுவரைத் தொட்டுப் பாருங்க தம்பி" என்றார் அந்த அம்மா. தொட்டேன். விரல் நனைந்தது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் தரையிலிருந்து இடுப்புயரம் வரைக்கும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். அதை மறைக்கப் பழைய நாள்காட்டித் தாள்களை மைதாப் பசையால் ஒட்டியிருந்தார். தாளும் ஊறி, ஓரம் சுருண்டு நின்றது.

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தோட்டப் பாதையில் இருக்கிறது அந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சமையலுக்குக் காஸ் அடுப்பு உண்டு. ஆனால் ஐயாயிரம் அடி உயரத்தில், காலைக் குளிரில், குளிக்க வெந்நீர் வேண்டும். அதற்குக் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை எரிக்கிறார்கள். அடுப்படியின் கூரைத் தகரம் கரிபிடித்துப் போயிருந்தது. பேரனுக்கு இழைப்பு. பள்ளிப் பையில் புத்தகத்தோடு மூச்சு மருந்தும் இருக்கிறது.

"பூசணத்தைச் சுரண்டிட்டுப் புதுசா பெயிண்ட் அடிக்கலாமே அம்மா?"

"நம்ம வீடா தம்பி, நம்ம இஷ்டத்துக்குச் செய்ய? எங்க மாமனார் இருந்தாரு, நாங்க இருந்தோம், பிள்ளைங்க பொறந்துச்சு. ஆனா ஒரு சன்னல் வைக்கணும்னாலும் ஆபீஸ்ல கேட்கணும். அவருக்கு அடுத்த வருஷம் சர்வீஸ் முடியுது. அப்புறம் காலி பண்ணணும்."

எங்கே போவீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "ஈப்போவில மகள் வீடு இருக்கு. ரெண்டு ரூம் ஃபிளாட். அவங்களே அஞ்சு பேரு."

ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமாரின் கதையைக் கடந்த சில வாரங்களாகப் பார்த்தோம். இந்த வாரம் வீட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். தேயிலைத் தொழிலாளி பட்ட கடனை எழுதிய புத்தகங்கள் உண்டு, அவன் பாடிய பாட்டுகளைத் தொகுத்தவர்கள் உண்டு. அவன் படுத்துறங்கிய பத்துக்குப் பன்னிரண்டடி அறையை அந்த அளவுக்கு யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை.

கேமரன் மலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தது 1885-ல். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மலை காடாகவே கிடந்தது. மலை இருப்பது பகாங் மாநிலத்தில், ஆனால் பாதை பேராக்கின் தாப்பாவிலிருந்துதான் ஏறியாக வேண்டும். அந்தப் பாதை 1931-ல் முடிந்தது. அதற்கு முன்பே, 1929-ல், ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் ஏ.பி. மில்ன், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய துரை. சில ஆண்டுகளில் பாரத் தேயிலைக்காரர்களும் வந்தார்கள்.

மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பதில்தான் நம் கதை இருக்கிறது. தேயிலை தனியாக வருவதில்லை. கவாத்து, கொழுந்து, பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு, கங்காணி என்று ஒரு முழு ஏற்பாடே அதோடு கூட வருகிறது. லயமும் அந்த ஏற்பாட்டில் ஒன்று. இலங்கை மலையகத்தில் ஒற்றை லயம், இரட்டை லயம் என்பார்கள். ஒற்றை லயத்தில் அறைகள் ஒரே வரிசை. இரட்டை லயத்தில் இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கும். பின்சுவர் இருவருக்கும் பொது என்பதால் அதில் சன்னல் வைக்க வழியே இல்லை. காற்று முன்வாசல் வழியாக வந்து முன்வாசல் வழியாகவே போக வேண்டும். அடுப்புப் புகைக்கும் அதே வழிதான். ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும், ஒரு வீட்டுக்குச் சளி வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வரும். ஆட்களைக் காலையில் சீக்கிரம் கிளப்பிப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவர வசதியாகப் போட்ட கட்டடம் அது. குடும்பம் நடத்துவதற்காக யாரும் அதற்குப் படம் வரையவில்லை.

மலாயாவில் தோட்டத்து வீட்டையும் நோயையும் சேர்த்து வைத்துப் பார்த்த முதல் சிலரில் ஒருவர் மால்கம் வாட்சன். 1901-ல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர். சதுப்பு நீரை வடித்து கிள்ளான் பட்டணத்தில் மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். பிறகு ரப்பர் தோட்டங்களுக்குப் போனபோது வேறொரு பாடம் கிடைத்தது. மலைச்சரிவில் காட்டை வெட்டி வெயில் விழ வைத்ததும், தெளிந்த ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. தாழ்வான இடத்தில் பலித்த வைத்தியம் அங்கே பலிக்கவில்லை. ஓடை நீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கூரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வீடு நிற்கும் இடம் தப்பாக இருந்தால் அந்த வீடு ஆளைக் கொல்லும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனாலும் 2013 அக்டோபர் 23 அதிகாலை, சுல்தான் அபு பாக்கார் அணையின் தண்ணீரைத் திறந்துவிட்டபோது இதே மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோர வீடுகளில் மனிதர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் ஆனது. நல்ல இடத்தில் நிலம் கிடைக்காதவன்தானே ஆற்றோரம் போய்க் குடியிருக்கிறான்?

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-ல் ஒரு சட்டம் வந்தது. 1990-ல் அதன் இடத்தில் இன்னும் விரிவான சட்டம். 2019-ல் அதைத் திருத்தி 2020 ஜூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர், கழிப்பிடம், ஆளுக்கு இவ்வளவு இடம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். இன்று இந்த மலையில் கொழுந்து வெட்டும் வங்கதேச, நேப்பாளப் பிள்ளைகளுக்கும் அது காவல். ஆனால் வேலை செய்கிற வரைக்கும் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட கூரை வேண்டும் என்றுதான் அது பேசுகிறது. வேலை முடிந்த மறுநாள் தொழிலாளி எங்கே போவான் என்பதற்கு அது வழி சொல்வதில்லை. அந்த அம்மாவின் கவலை அந்த மறுநாளைப் பற்றியது.

வேலை போனால் வீடும் போகும் என்ற இந்தக் கட்டு இங்கு மட்டும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகை எழுதியது இதே 1929-ல்தான். 2028-ல் குத்தகை முடிகிறது என்று 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுக் கடிதம் நீட்டினார்கள். நாலு தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் கீழே எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றார்கள்.

நம்மவர்கள் இதற்கு மாற்றே தேடவில்லையா? தேடினார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் வேலையையும் வீட்டையும் இழந்தன. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். மாதம் பத்து வெள்ளி, பத்து மாதம் கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு. அன்றைய பால்மரத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சின்னப் பணம் இல்லை. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மக்கள் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. துண்டாக வேண்டிய தோட்டம் முழுசாக நின்றது, லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

மலேசியத் தமிழர்கள் தங்கள் கைக்காசில் செய்த மிகப் பெரிய காரியம் அது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதுவும் ரப்பர்க் காட்டு முயற்சி. வீடும் வேலையும் கைவிட்டுப் போகாமல் காத்ததே தவிர, வீட்டை வேலையிலிருந்து பிரித்துத் தொழிலாளி பெயரில் எழுதுவது வேறு வேலை. சிலாங்கூரில் மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்டனர், மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. 245 வீடுகளுக்கு உறுதியான ஏற்பாடு 2023-ல்தான் கைகூடியது.

தேயிலைக் காட்டில் அந்த வேறு வேலையைத் தொடங்கியவர்கள், லயத்தை நமக்கு அனுப்பிவைத்த அதே இலங்கையில் இருக்கிறார்கள்.

1992-ல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனபோது அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஓர் அறநிதியத்தை அமைத்தன. இன்று அதற்குப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர். தோட்ட மக்களின் வீடு, தண்ணீர், கழிப்பிடம், பிள்ளைக் காப்பகம் ஆகியவை அதன் பொறுப்பு. இலாபம் அதன் நோக்கம் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. பின்னால் இந்திய அரசின் உதவியில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் என்று வந்தபோது செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. குடியிருப்பு அமைப்பும் இந்தக் கூட்டுறவுச் சங்கங்களோடு சேர்ந்து வேலை செய்தன.

வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், ஏறக்குறைய 1,900 சதுர அடி. தமிழ்நாட்டுக் கணக்கில் நாலரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் 550 சதுர அடியில் தனி வீடு: இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை. லய அறையோடு ஒப்பிட்டால் நாலு மடங்குக்கும் மேல். பரப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நாலு பக்கமும் வெளிச்சுவர் இருப்பது. எந்தப் பக்கமும் சன்னல் வைக்கலாம். சமையலறைப் புகை கூடத்துக்கு வராது. பின்னால் நாலு கத்தரிச் செடி வைக்கலாம். பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இப்படி 404 வீடுகள், 2018 ஆகஸ்ட் 12 அன்று ஒரே நாளில் கையளிக்கப்பட்டன. அந்தக் குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர்.

பெயர் என்பதும் சாதாரணமில்லை. லயத்தில் இருப்பவனுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்கு வரும். வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்ததைப் பற்றி மலையகத்து நண்பர்கள் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

லயத்திலிருந்து தனி வீட்டுக்கான இந்த மாற்றம் சும்மா வந்துவிடவில்லை. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கேட்டவர்கள் போக இடம் எங்கே இருந்தது? சொந்தமாக ஒரு பேர்ச் மண் இல்லாதவனிடம் "இங்கே இருக்காதே" என்று சொல்வது என்ன எச்சரிக்கை? தப்பியவர்களுக்குப் பூனாகலையில் வீடு கட்டிக் கொடுக்க இரண்டு ஆண்டு ஆனது.

இலங்கையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதல் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டவே 2024 ஆனது. ஏழு பேர்ச் போதாது, பத்துப் பேர்ச்சாவது வேண்டும் என்கிறவர்களும் உண்டு. உறுதிப் பத்திரம் கைக்கு வராமல் காத்திருப்பவர்களும் உண்டு. பத்திரம் வராத வரை அது இன்னொரு லயம்தான், அழகான லயம். இதில் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அங்கே ஒரு பொது அமைப்பு இருக்கிறது, நில அளவு இருக்கிறது, வீட்டின் படம் இருக்கிறது. கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்து எது நல்லது, எது கோணல் என்று சொல்ல முடிகிறது.

கேமரன் மலைக்கு அப்படி ஒன்று வேண்டும். நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. ஓய்வு பெறும் தேயிலைத் தொழிலாளிக்கு இந்த மலையிலேயே, சரிவும் ஆறும் இல்லாத இடத்தில் நிலம் ஒதுக்குவது பகாங் அரசால் ஆகக்கூடிய காரியம். கட்டும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கமோ அறநிதியமோ ஏற்கலாம். தோட்டக் கம்பெனிகளும் பங்கு போட வேண்டும். இந்த மலையிலிருந்து படித்துப்போய் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் கேட்கிறேன்: உங்கள் தாத்தா பத்து வெள்ளி கொடுத்தார், நீங்கள் என்ன கொடுப்பீர்கள்? 2029-ல் இந்த மலையின் தேயிலைக்கு நூறு வயது ஆகிறது. விழா எடுப்பார்கள். அந்த மேடையில் பத்துப் பேருக்காவது வீட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்கினால்தான் முடியும்.

நான் பார்த்த அந்த அம்மாவின் கணவருக்கு இன்னும் பதினொரு மாதம் சர்வீஸ் இருக்கிறது.

(தடம் தொடரும்)