குழாயை மாற்றுவதா, தேவையையே குறைப்பதா?

கழிவுநீர் சரிவான குழாயில் தானாகவே ஓடும். தாழ்வான பகுதியில் சேரும் கழிவுநீரை மட்டும் பம்பு வைத்து மேலேற்ற வேண்டும். அதைக் கொண்டுசெல்பவை அழுத்தக் குழாய்கள்.

இவற்றின் எதிரி உள்ளேயே உருவாகிறது. கழிவுநீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் மேடான இடங்களில் தேங்குகிறது. நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக்க, குழாய்ச் சுவர் மெல்ல அரிக்கப்படுகிறது. குழாய் உடைந்தால் கழிவுநீர் சாலையில் பீறிடும்.

பழைய குழாயை மாற்றுவதும் எளிதன்று. கழிவுநீர் வருவதை ஒரு நாள்கூட நிறுத்த முடியாதே! மாற்றுப்பாதை அமைத்த பிறகுதான் பழையதைத் தொடலாம்.

சிங்கப்பூர் வேறு கோணத்தில் சிந்தித்தது. ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதற்கட்டம் 2008ல் நிறைவடைந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை செல்லும் 48 கிலோமீட்டர் சுரங்கம் சரிவாக இறங்குவதால், புவியீர்ப்பு விசையே கழிவுநீரைக் கொண்டுசெல்கிறது. சாங்கி ஆலையில்தான் பம்புகள் அதை மேலேற்றுகின்றன. வழியிலிருந்த நீரேற்று நிலையங்கள் படிப்படியாக மூடப்பட்டு, நிலமும் மிச்சமானது. இரண்டாம் கட்டச் சுரங்கம் துவாசை நோக்கிச் செல்கிறது.

பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பழுதான பொருளை எப்படி மாற்றுவது என்று யோசிக்குமுன், அது தேவைதானா என்றும் கேட்டுப் பாருங்கள்.